ஒற்றைத் தண்டவாளத்தின் சட்டம்

மாகோ சந்தியில் வடக்குப் பாதையை விட்டுப் பிரியும் தண்டவாளம், கல்லோயாச் சந்தியில் திருகோணமலைக்கு ஒரு கிளையை அனுப்பிவிட்டு, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை என்று கிழக்கே இறங்கிக் கல்குடாவைத் தொட்டு, ஏறாவூர் தாண்டி மட்டக்களப்பில் முடிகிறது. 1920களின் பிற்பகுதியில் போடப்பட்ட இந்தப் பாதை முழுவதும் ஒற்றைத் தண்டவாளம். போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் அதே இரண்டு இரும்புக் கம்பிகள்தான். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே உரிய இடத்தைப் பலர் பகிர்ந்துகொள்வது எப்படி என்ற கேள்விக்கு இந்தப் பாதையை நடத்தியவர்களிடம் தெளிவான விடை இருந்தது. அதே கேள்வியை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துக் கணினியின் இயங்குதளத்தை எழுதியவர்கள் எதிர்கொண்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த விடைக்கு 'அட்டாமிக்' செயல் என்று பெயர்: பாதியில் யாரும் நுழைய முடியாத, பிளவுபடாத செயல். அதைக் கெட்டிக்கார நிரலாளர்களின் உத்தி என்று பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. எனக்கு அது சரியாகப் படவில்லை. பிளவுபடாமை எந்த உத்தியாலும் கிடைப்பதில்லை. சோதிப்பதையும் எடுப்பதையும் ஒன்றாகப் பிணைக்கும் ஒரு பௌதிகக் கருவி முதலில் வேண்டும். அந்தக் கருவியைச் சுற்றித் தளராத ஒழுங்கு ஒன்றும் வேண்டும். ரயில்வேயின் வரலாறும், இயங்குதளத்தின் நடுவான கேர்னலின் வரலாறும் இதை ஒரே வரிசையில், ஏறத்தாழ ஒரே விலை கொடுத்துக் கற்றிருக்கின்றன.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. கல்லடியில் 1924இல் கட்டப்பட்ட லேடி மனிங் பாலம் ஒரு வண்டி மட்டும் செல்லும் அகலமுள்ளது. 2013இல் புதிய பாலம் திறக்கும்வரை ஒரு திசை வாகனங்கள் கடந்து முடிந்த பிறகே மறு திசைக்கு வழி. மன்னம்பிட்டியில் மகாவலியின் மேல் கிடந்த இரும்புப் பாலம் இன்னும் சிக்கலானது. ரயிலும் பஸ்ஸும் லொறியும் மாட்டுவண்டியும் அதே பாலத்தின் மேல்தான் போய் வந்தன. 2007இல் தனி வீதிப் பாலம் திறந்த பிறகே அந்தக் கலப்பு முடிந்தது. ஓட்டமாவடியிலும் பழைய பாலம் கோச்சிக்கும் வீதிக்கும் பொதுவாகவே இருந்தது. இந்தப் பாலங்களில் நடைமுறையாக இருந்த சட்டத்தைக் கவனித்தால் அது 'ஒருவர் மட்டும்' என்ற எளிய சட்டம் அல்ல என்பது தெரியும். ஒரே திசையில் போகும் வீதி வாகனங்கள் பல சேர்ந்து பாலத்தில் இருக்கலாம். ரயில் வரும்போது வேறெதுவும் இருக்கக் கூடாது. கணினித் துறை இதை 1971இல்தான் ஒழுங்காக எழுதிவைத்தது. படிப்பவர்கள் பலர் ஒன்றாக இருக்கலாம், எழுதுபவர் தனியாக இருக்க வேண்டும் என்ற அந்தச் சிக்கலைக் கூர்த்வா, ஹேமன்ஸ், பார்னஸ் ஆகிய மூவர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது, மன்னம்பிட்டிப் பாலத்தில் கதவு மூடித் திறப்பவர்கள் அதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

ரயில்வே இந்தச் சட்டத்துக்கு வந்து சேர்ந்த வழி நேரானதல்ல. தொடக்கத்தில் ஒற்றைப் பாதையில் ஒரே ஒரு என்ஜினை மட்டும் ஓடவிட்டார்கள். ஒன்றுதான் ஓடுகிறது என்றால் மோதுவதற்கு எதிரே எதுவும் இல்லை. வண்டிகள் கூடியபோது ஒரு கோல் வந்தது. பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு கோல். அது கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கும் பொருள் இரண்டு கைகளில் இருக்க முடியாது என்பதுதான் இதன் முழுப் பலம். அதன் குறையும் அதிலேயே இருக்கிறது. ஒரே திசையில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்துப் போக வேண்டியிருந்தால், முதல் வண்டியோடு கோல் அடுத்த நிலையத்துக்குப் போய்விடும். இரண்டாவது வண்டி கோல் திரும்பி வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். இந்தத் தாமதத்தைத் தாங்க முடியாத கம்பனிகள் தந்தியை நம்பத் தொடங்கின. நிலைய அதிபர்கள் தந்தியில் கேட்டு, அனுமதி பெற்று, வண்டியை விடலாம் என்று விதி எழுதினார்கள். விதியில் பிழை எதுவும் இல்லை. அதைப் பின்பற்ற வேண்டிய மனிதர்களும் அனுபவசாலிகள்.

1874 செப்டெம்பர் 10 இரவு, இங்கிலாந்தின் நொரிச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில் அந்த விதி உடைந்தது. நொரிச் நிலையத்தின் இரவுப் பரிசோதகர், எதிரே பிரண்டல் நிலையத்தில் நின்ற தபால் வண்டியை வரச்சொல்லும் செய்தியைத் தந்தி எழுத்தரிடம் சொன்னார். அவர் கையொப்பம் இடாமல் செய்தி போகக் கூடாது என்பது விதி. கையொப்பம் இல்லாமலே செய்தி போய்விட்டது. அது போனது தெரியாமல், நொரிச்சிலிருந்து புறப்பட வேண்டிய விரைவு வண்டியும் பாதைக்குள் விடப்பட்டது. செய்தியை நிறுத்தச் சொல்லி அனுப்பிய தந்திக்கு வந்த பதில், தபால் வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்பது. இரண்டு நிலையங்களுக்கும் அப்போது எல்லாம் தெரியும். ஓட்டுநர்களிடம் சொல்லத்தான் வழி இல்லை. 25 பேர் இறந்தார்கள். இந்த விபத்தை யாரோ இருவரின் கவனக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோகலாம். அன்றைய பத்திரிகைகளுக்கும் நீதிமன்றத்துக்கும் அது வசதியாகவே இருந்திருக்கும். ஆனால் அமைப்பைப் பாருங்கள். பாதை காலியா என்று பார்ப்பது ஒரு செயல். பாதையை எடுத்துக்கொள்வது இன்னொரு செயல். இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் வேறொரு முடிவு நுழைய முடியும் என்றால், என்றாவது ஒரு நாள் நுழையும். ஆயிரம் இரவுகள் அது நுழையாமல் இருந்ததை விதியின் வெற்றியாகக் கணக்கெழுத முடியாது. அந்த இரவுகளில் இரண்டு முடிவுகள் ஒரே நிமிடத்தில் சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

எட்வர்ட் டையர் 1878இல் கொண்டுவந்த மின் டேப்லட் கருவி இந்த இடைவெளியை மூடியது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒவ்வொரு பெட்டி. இரண்டும் கம்பியால் இணைந்தவை. பெட்டிக்குள் வட்டத் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் அந்தப் பகுதியின் இரு நிலையங்களின் பெயர்கள் பொறித்திருக்கும். ஒரு நிலைய அதிபர் தகடு ஒன்றை வெளியே எடுக்க வேண்டுமென்றால் மறு நிலையத்தவர் மணிக்குறிப்பைக் கேட்டு, தன் பெட்டியை அழுத்தி மின்சாரம் அனுப்ப வேண்டும். ஒரு தகடு வெளியே வந்த கணத்தில் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு எந்தப் பக்கத்துப் பெட்டிக்குள் திரும்பப் போடப்படுகிறதோ அப்போதுதான் மீண்டும் திறக்கும். கோலுக்கு இருந்த குறை இங்கே இல்லை, ஏனென்றால் இரு பக்கமும் தகடுகள் உண்டு. ஆனால் எல்லாத் தகடுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே இருக்க முடியும். காலியா என்று பார்ப்பதும் எடுப்பதும் இப்போது ஒரே அசைவு. இலங்கைப் புகையிரதத் திணைக்களம் தன் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் நம்பிய முறை இதுதான். பெரிய வளையத்தில் கோத்த தகட்டை ஓடும் வண்டியின் ஓட்டுநர் கைநீட்டி வாங்கிக்கொள்வதை மட்டக்களப்புப் பாதையில் பயணித்த எவரும் பார்த்திருப்பார்கள். தமிழ்நாடு உட்பட இந்தியாவின் ஒற்றைப் பாதைகளில் தகட்டுக்குப் பதிலாக உலோகப் பந்து வந்தது, தத்துவம் ஒன்றுதான்.

இப்போது கணினிக்கு வருவோம். கேர்னல் என்பது இயங்குதளத்தின் நடு. நினைவகம், வட்டு, வலையமைப்பு, ஓடும் நிரல்கள் எல்லாவற்றையும் பங்கிடுவது அது. ஒரு கோப்பை எத்தனை நிரல்கள் திறந்து வைத்திருக்கின்றன என்று அது ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது என்று கொள்வோம். புதிதாக ஒரு நிரல் திறந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும். நிரலில் இது ஒரே வரி. புரொசசருக்கோ அது மூன்று வேலை: நினைவகத்திலிருந்து எண்ணைப் படிப்பது, ஒன்று கூட்டுவது, திரும்ப எழுதுவது. இரண்டு புரொசசர்கள் ஒரே நேரத்தில் இதைச் செய்தால், இரண்டும் 5 என்று படித்து, இரண்டும் 6 என்று எழுதும். 7 ஆகியிருக்க வேண்டிய இடத்தில் 6 நிற்கும். பிறகு ஒவ்வொருவராக மூடும்போது, ஒருவர் இன்னும் கையில் வைத்திருக்கும்போதே எண்ணிக்கை பூச்சியமாகிவிடும். யாருக்கும் வேண்டாம் என்று கேர்னல் அந்த நினைவகத்தை வேறு எவருக்கோ கொடுத்துவிடும். தோர்ப்பில் நடந்ததும் இதுவே. இருவரும் பார்த்தது உண்மை. ஆனால் எழுதும்போது அந்த உண்மை பழசாகிவிட்டது.

பிடிபி-11 போன்ற ஒரே புரொசசர் இயந்திரங்களில் எழுந்த பழைய யுனிக்ஸ் இதைச் சுலபமாகச் சமாளித்தது. அங்கே நடுவில் நுழையக்கூடியது வெளிச் சாதனங்களின் குறுக்கீடு மட்டும். முக்கியமான வேலை நடக்கும் சில கணங்களுக்குக் குறுக்கீடுகளைத் தடுத்துவிட்டால் போதும். பாதையில் ஓர் என்ஜின் மட்டும் என்ற ரயில்வேயின் முதல் கட்டம் இது. இரண்டாவது புரொசசர் வந்ததும் இந்த வழி அடைபட்டது, ஏனென்றால் ஒரு புரொசசர் தன் காதை மூடிக்கொண்டால் மற்றதன் கை நிற்பதில்லை. ஆகவே இயந்திரத்திலேயே கருவி வேண்டியிருந்தது. ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360இல் 'சோதித்து இடு' என்ற ஒற்றைக் கட்டளை இருந்தது: நினைவகத்தில் ஓர் இடத்தின் பழைய நிலையைச் சொல்லிவிட்டு, அதே அசைவில் அதை 'எடுக்கப்பட்டது' என்று மாற்றிவிடும். 1970களின் சிஸ்டம்/370 இன்னும் ஒரு படி போய், 'ஒப்பிட்டு மாற்று' என்ற கட்டளையைத் தந்தது: நான் முன்பு பார்த்த மதிப்பே இன்னும் இருந்தால் மட்டும் புதியதை எழுது, இல்லையென்றால் எனக்குச் சொல். இன்டெலின் 8086 1978இல் ஒரு கட்டளைக்கு முன்னால் 'பூட்டு' என்ற முன்னொட்டைச் சேர்க்க வைத்தது; அந்தக் கட்டளை முடியும்வரை நினைவகத்துக்குப் போகும் வழியை வேறு எவரும் தொட முடியாது. ஒப்பிட்டு மாற்றும் கட்டளை அந்தக் குடும்பத்துக்கு 1989இல் 80486இல்தான் வந்தது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கருவி இல்லாமலே இது முடியும் என்று நிரூபித்தவர்கள் இருக்கிறார்களே? டச்சுக் கணிதவியலாளர் டெக்கர், இரண்டு நிரல்கள் வெறும் படிப்பதையும் எழுதுவதையும் மட்டும் கொண்டு ஒன்றையொன்று விலக்கி வைக்கும் வழியைக் கண்டார். டைக்ஸ்ட்ரா 1965இல் அதை எத்தனை நிரல்களுக்கும் பொதுவாக்கினார். லெஸ்லி லாம்போர்ட் 1974இல் இன்னும் அதிசயமான ஒன்றைச் செய்தார்: பேக்கரியில் எண் எடுத்து வரிசையில் நிற்பது போன்ற அவருடைய முறைக்கு, ஒரு எழுத்தும் ஒரு படிப்பும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடத் தேவையில்லை. கணித அழகில் இவற்றுக்கு ஈடு குறைவு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் இவை எல்லாம் ஒரு மௌனமான அனுமானத்தின் மேல் நிற்கின்றன: நான் எழுதியது, நான் அடுத்ததைப் படிப்பதற்கு முன் மற்றவருக்குத் தெரியும். இன்றைய புரொசசர்கள் அப்படி நடப்பதில்லை. எழுத வேண்டியதை ஓர் இடைத்தாங்கியில் போட்டுவிட்டு, அது நினைவகத்தை அடையும் முன்பே அடுத்த படிப்புக்குப் போய்விடுகின்றன. நம் மேசைகளில் இருக்கும் சாதாரண இன்டெல் இயந்திரத்திலேயே டெக்கரின் முறையை அப்படியே எழுதினால் அது தோற்கும். தோற்காமல் இருக்க, 'இதுவரை எழுதியது போய்ச்சேரும்வரை நில்' என்ற தடைக் கட்டளையைப் புரொசசரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆக, வாசலில் வேண்டாம் என்று சொன்ன கருவியைப் பின்கதவால் கேட்கிறோம். மோரிஸ் ஹெர்லிஹி 1991இல் இதற்கு இறுதித் தீர்ப்புப் போல ஒன்றைத் தந்தார். எவரும் எவருக்காகவும் காத்திருக்காமல் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்றால், வெறும் படிப்பும் எழுத்தும் இரண்டு பேருக்குக்கூடப் போதாது. சோதித்து இடுவது இருவருக்குப் போதும். ஒப்பிட்டு மாற்றுவது எத்தனை பேருக்கும் போதும். கருவியின் வலிமைக்கு ஒரு படிநிலை உண்டு, மேல்படியில் இருப்பதைக் கீழ்ப்படிக் கருவிகளால் கட்டியெழுப்ப முடியாது.

டைக்ஸ்ட்ராவின் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்தோவன் நகரத்தில் அவர் குழு கட்டி 1968இல் விவரித்த இயங்குதளத்தில் பயன்பட்ட கருவிக்கு அவர் வைத்த பெயர் ரயில்வேயின் கைகாட்டியினுடையது. இதைக்கொண்டு, கேர்னல் எழுதியவர்கள் நிலைய அதிபர்களிடம் பாடம் படித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலானோர் டையரின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். என் வாதம் வழிவழியாகக் கைமாறியது பற்றியதல்ல. ஒரே தேவை எழுந்த இரண்டு இடங்களில் ஒரே வரிசையில் விடைகள் பிறந்தன என்பதே. ஒற்றுமை தற்செயல் என்பவர் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கேர்னல் 1996 முதல் கடந்த பதினைந்து ஆண்டுகளைப் பார்க்கட்டும். 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0 பல புரொசசர்களை முதன்முதலாக ஏற்றபோது, கேர்னல் முழுவதற்கும் ஒரே ஒரு பெரிய பூட்டு இருந்தது. எந்தப் புரொசசர் கேர்னலுக்குள் நுழைந்தாலும் அந்த ஒரு பூட்டு வேண்டும். மாகோவிலிருந்து மட்டக்களப்புவரை ஒரே கோல் வைத்து ஓடுவதற்கு அது சமம்: பாதுகாப்பானது, ஆனால் வண்டிகள் கூடக்கூட எல்லாரும் காத்துக் கிடப்பார்கள். ஆகவே பாதையைப் பகுதிகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு தரவுக் கட்டமைப்புக்கும் அதனதன் பூட்டு. அந்தப் பெரிய பூட்டு முற்றிலும் நீங்கியது 2011இல் வந்த 2.6.39 பதிப்பில். பகுதிகளாக வெட்டியதும் ரயில்வேக்கு நன்கு தெரிந்த புதிய ஆபத்து வந்தது: ஒருவர் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்க, மற்றவர் அந்த அடுத்ததைப் பிடித்துக்கொண்டு முதலாவதைக் கேட்டு, இருவரும் நகராமல் நிற்பது. அதற்கும் ரயில்வேயின் மருந்துதான். பகுதிகளை எந்த ஒழுங்கில் கேட்கலாம் என்று முன்கூட்டியே விதித்தார்கள். 2006 முதல் அந்த ஒழுங்கு மீறப்படுகிறதா என்று ஓடும்போதே பார்க்கும் கண்காணிப்பை கேர்னலுக்குள் வைத்தார்கள். பல படிப்பவர்களும் சில எழுதுபவர்களும் உள்ள இடங்களில், படிப்பவரை ஒருபோதும் நிறுத்தாமல் பழைய பிரதியை அனைவரும் விட்டு நீங்கும்வரை எழுதுபவரே காத்திருக்கும் முறை, பால் மெக்கென்னியின் உழைப்பில் 2002இல் லினக்ஸுக்குள் வந்தது. மன்னம்பிட்டியில் வீதிக்கென்று தனிப் பாலம் கட்டியதன் நியாயமும் அதுதான். ஒன்றையொன்று தடுக்கத் தேவையில்லாத போக்குவரத்தை ஒரே பூட்டின் கீழ் வைப்பது வீண்.

கருவி வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று இதுவரை படித்தவர் நினைக்கலாம். அந்த நினைப்பைக் கலைக்க 1921 ஜனவரி 26ஆம் தேதி போதும். வேல்ஸில் அபர்மூல் என்ற சிறு நிலையத்தில் டையரின் டேப்லட் பெட்டிகள் எந்தப் பழுதும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. மெதுவாக வந்த வண்டியின் ஓட்டுநர், தான் கடந்து வந்த பகுதியின் தகட்டைக் கொடுத்தார். பெட்டிக்குள் போக வேண்டிய அந்தத் தகடு, கைமாறிக் கைமாறி, அடுத்த பகுதிக்கான தகடு என்ற எண்ணத்தில் அவரிடமே திரும்பி வந்தது. அவர் பெயரைப் பார்க்கவில்லை. எதிரே வந்த விரைவு வண்டியிடம் அந்தப் பகுதிக்குரிய சரியான தகடு முறையாக இருந்தது. 17 பேர் இறந்தார்கள். பெட்டிகள் கைகாட்டி இயக்குபவரின் இடத்தில் இல்லாமல் நிலையக் கட்டடத்தில் இருந்தன, பலர் தொட்டார்கள். புறப்பாட்டுக் கைகாட்டிக்கும் தகட்டுக்கும் இயந்திரத் தொடர்பு இல்லை. விசாரணைக்குப் பின் சொல்லப்பட்ட முக்கியத் திருத்தம், சரியான தகடு வெளியே வராமல் கைகாட்டி இறங்கவே கூடாது என்பது. மட்டக்களப்புப் பாதை கட்டப்பட்டது இந்த விபத்துக்கு அடுத்த ஆண்டுகளில். பிளவுபடாத செயல் ஒன்று இருப்பது வேறு, அது காக்க வேண்டியதைக் காக்கும்படி எல்லா இடத்திலும் பிணைத்து வைத்திருப்பது வேறு. இரண்டாவதன் பெயர்தான் பராமரிப்பு.

கேர்னலில் இந்தப் பராமரிப்பு எவ்வளவு அலுப்பான வேலை என்பதை அறிய, ஒரே எண்ணில் ஒன்று கூட்டும் செயலை எத்தனை இயந்திரங்களுக்கு எத்தனை விதமாக எழுத வேண்டியிருந்தது என்று பார்க்கலாம். பழைய 32 பிட் ஸ்பார்க் புரொசசரில் இதற்குப் பயன்பட்டது ஒரு பைட்டைப் பறித்து நிரப்பும் கட்டளை. ஆகவே எண்ணுக்கென்று ஒதுக்கிய 32 பிட்டில் 8 பிட்டைப் பூட்டாக வைத்துக்கொண்டார்கள். மீதி 24 பிட்டில்தான் எண். அதனால் எந்த இயந்திரத்துக்கு எழுதினாலும் 24 பிட்டுக்கு மேல் நம்பாதே என்ற எச்சரிக்கை லினக்ஸ் நிரலாளர் அனைவருக்கும் பல ஆண்டுகள் இருந்தது. எங்கோ ஒரு மூலையில் ஓடிய ஓர் இயந்திரத்தின் குறை, அதைக் கண்ணால் காணாதவர்களின் எண்ணிக்கையையும் கட்டிப்போட்டது. எச்பியின் பிஏ-ரிஸ்க்கிடம் ஒரு சொல்லைப் படித்து அழிக்கும் கட்டளை மட்டுமே உண்டு. அதற்காகச் சிறு பூட்டுகளின் வரிசை ஒன்றை வைத்து, எண்ணின் முகவரியைப் பொறுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தார்கள். 1992இல் வந்த ஆல்ஃபா ஒரு சுட்டியைப் படித்து, அது காட்டும் இடத்தைப் படிக்கும்போதுகூடப் பழையதைக் காட்டக்கூடியது. வேறெந்தப் புரொசசருக்கும் தேவைப்படாத தனித் தடை ஒன்றை அதற்காக கேர்னல் முழுவதும் தூவி வைத்தார்கள். 2018 தொடக்கத்தில் வந்த 4.15இல்தான் அதை ஓரிடத்தில் மறைத்து ஒடுக்க முடிந்தது. 64 பிட் ஆர்ம் புரொசசர்கள் முதலில் 'கவனித்துப் படி, யாரும் தொடாவிட்டால் எழுது' என்ற இரட்டைக் கட்டளையைத் தந்தன. புரொசசர்கள் பலவானபோது ஒருவர் எழுத்தை மற்றவர் கெடுத்து, மறுபடி மறுபடி முயல வேண்டியிருந்ததால் பின்னாளில் ஒற்றைக் கட்டளைகளையும் சேர்த்தார்கள். கேர்னல் இரண்டு வடிவத்தையும் சுமந்துகொண்டு, இயந்திரம் எழும்பும் நேரத்தில் எது இருக்கிறது என்று பார்த்துத் தன் நிரலைத் தானே திருத்திக்கொள்கிறது. கருவியே பழுதான நிகழ்வும் உண்டு. 1997 நவம்பரில், பூட்டு முன்னொட்டோடு ஒப்பிட்டு மாற்றும் கட்டளை ஒன்றைத் தவறான வடிவில் கொடுத்தால் பென்டியம் புரொசசர் முழுவதும் உறைந்து நின்றுவிடும் என்று வெளிப்பட்டது. பூட்டு எடுக்கப்பட்டது, திரும்ப வைக்கப்படவே இல்லை. கேர்னல்காரர்கள் சில நாட்களில் அதற்கு ஒரு சுற்றுவழி கண்டார்கள்; சில்லை மாற்ற அவர்களால் முடியாதே.

அபர்மூலுக்கு மிக நெருங்கிய நிகழ்வு 2016 ஜனவரியில் வெளிப்பட்டது. லினக்ஸின் சாவிக்கொத்துப் பகுதியில் ஓர் எண்ணிக்கை, ஒரு பிழைப் பாதையில் கூட்டப்பட்டது, குறைக்கப்படவில்லை. கூட்டும் செயல் முற்றிலும் பிளவுபடாதது. இயந்திரம் தன் வாக்கைக் காத்தது. ஆனால் வேண்டுமென்றே அந்தப் பாதையைத் திரும்பத் திரும்ப நடந்த நிரல் ஒன்று எண்ணிக்கையை 32 பிட்டின் எல்லை தாண்டிச் சுற்றவைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பூச்சியம் என்றதும் கேர்னல் நினைவகத்தை விடுவிக்கும். அங்கே தாக்குபவர் குடியேறி, கணினி முழுவதற்கும் அதிபதி ஆகலாம். தகடு சரியானது, கை தவறியது. திருத்தமும் அபர்மூலைப் போன்றதே. 2017இல் வந்த 4.11 பதிப்பில், இத்தகைய எண்ணிக்கைகளுக்கென்று தனி வகை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது எல்லையைத் தொட்டால் சுற்றாமல் அங்கேயே நின்றுவிடும். பூச்சியமானதன் மேல் கூட்ட முயன்றால் எச்சரிக்கும். கவனமாக இரு என்று நிரலாளருக்கு அறிவுரை சொல்வதை விட்டு, கைகாட்டியைத் தகட்டோடு பிணைத்தார்கள்.

இன்னொரு மறுப்பும் உண்டு, அதற்கு முழுப் பதில் இல்லை என்றாலும் பதில் உண்டு. ரயிலில் ஓட்டுநர் இருக்கிறார், நிலைய அதிபர் இருக்கிறார். ஐயம் வந்தால் வண்டியை நிறுத்திப் பேசிக்கொள்ளலாம். புரொசசருக்கு ஐயமும் வராது, நிறுத்தவும் நேரமில்லை. ஆகவே மனித ஒழுங்கைப் பற்றிய ரயில்வேயின் பாடங்கள் கேர்னலுக்குப் பொருந்தா என்பார்கள். வேகம் பற்றிய பகுதி உண்மை. ஆனால் கேர்னலில் மனிதர் இல்லை என்பது உண்மையல்ல; அவர்கள் ஓடும் நேரத்தில் இல்லை, எழுதும் நேரத்தில் இருக்கிறார்கள். எந்தப் பூட்டு எதைக் காக்கிறது, எந்த எழுத்து எந்தப் படிப்புக்கு முன் தெரிய வேண்டும் என்ற உடன்பாடு அவர்கள் தலைக்குள்ளும் கேர்னலோடு வரும் ஆவணங்களிலும் வாழ்கிறது. நினைவகத் தடைகள் பற்றிய நீண்ட ஆவணம் 2006இல் எழுதப்பட்டது. அதைக் கணினியே சரிபார்க்கக்கூடிய கணித மாதிரியாக மாற்றியது 2018இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள், மிகத் தேர்ந்தவர்களுக்கே, எது சரி என்று உறுதியாகச் சொல்ல விவாதம் வேண்டியிருந்தது. நிலைய அதிபரின் விதிப்புத்தகத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் மறுப்பாளர் நினைப்பதைவிடக் குறைவு. மனிதக் கவனத்தை நம்பிய விதி எங்கே இருக்கிறதோ, அங்கேதான் இரு வரலாறுகளிலும் விபத்து நடந்தது. அந்த விதியை இயந்திரப் பிணைப்பாக மாற்றிய இடத்தில் அதே விபத்து திரும்ப நடப்பது அரிதானது.

பராமரிப்பின் கணக்கு எப்போதும் கூட்டல் அல்ல; கழித்தலும் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதியது இன்டெல் 386 இயந்திரத்தில். அந்தப் புரொசசரிடம், மேலே நினைவில் வைக்கச் சொன்ன ஒப்பிட்டு மாற்றும் கட்டளை இல்லை. அது அடுத்த தலைமுறையில்தான் வந்தது. 386க்காக மட்டும் தனி ஏற்பாடுகளைச் சுமந்துகொண்டே இருபது ஆண்டுகள் கேர்னல் வளர்ந்தது. புதிய பிளவுபடாத செயல் எதை வடிவமைத்தாலும் அந்தப் பழைய இயந்திரத்துக்கு ஒரு விதிவிலக்கு. 2013 பெப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில் 386 கைவிடப்பட்டது. தான் பிறந்த இயந்திரத்திலேயே லினக்ஸ் இனி ஓடாது. இதைச் சிலர் நன்றிகெட்ட செயல் என்றார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது: ஒரு வாக்கைக் காக்க முடியாத கருவியை, பழக்கத்துக்காகப் பாதையில் வைத்திருப்பதுதான் ஆபத்து.

கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில், இதே ரயில் பாதையின் ஓரத்தில் இருக்கிறது. அங்கும் மற்ற இடங்களிலும் இயங்குதளம் கற்பிக்கிறவர்கள், உணவு மேசையில் அமர்ந்த ஐந்து தத்துவஞானிகளின் கதையோடு இந்தப் பாடத்தைத் தொடங்குவதுதான் உலக வழக்கம். அந்தக் கதைக்கு முன் ஒரு வகுப்பைத் தோர்ப்புக்கும் டையரின் பெட்டிக்கும் அபர்மூலுக்கும் ஒதுக்குங்கள். மாணவர்களை ஒரு நிலைய அதிபரின் அறைக்கு அனுமதி பெற்று அழைத்துச் செல்லுங்கள். புகையிரதத் திணைக்களத்துக்கும் ஒரு வேண்டுகோள். வண்ண விளக்குச் சமிக்ஞை வந்து டேப்லட் பெட்டிகளைக் கழற்றும் நாளில் அவற்றைப் பழைய இரும்பாக விற்றுவிடாதீர்கள். கம்பியால் இணைத்த ஒரு சோடிப் பெட்டியைத் தகடுகளோடு பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள்.